வாத்துக்குக் கீழே தாய்மாமன்

காந்திமதிக்கு ஒரு வைராக்கியம் இருந்தது. தம்பி புகழேந்தியிடம் தானாக முதலில் பேசுவதில்லை. அவனாக வந்து பேசினால் பேசலாம். அதுவும் உடனே இல்லை, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு. ஆறு வருஷமாக இதைக் காப்பாற்றிக்கொண்டு வந்தாள். விழுப்புரத்தை அடுத்த காணைக்குப் பக்கத்தில் அவளுக்குக் கழனியும் வீடும். திண்டிவனத்தில் அவனுக்கு டயர் கடை. நடுவில் ஒன்றரை மணி நேர பஸ் தூரம். அடுப்படியில் நிற்கும்போது அவன் ஞாபகம் வந்தால் அழுவாள். அழுது மூக்கைச் சிந்திவிட்டு, "வராட்டிப் போவட்டும்" என்று குழம்புச் சட்டியிடம் சொல்வாள். இந்த வைராக்கியத்துக்குத்தான் ஒரு வாத்து வந்து உலை வைத்தது. வாத்து என்றால் நிஜ வாத்து. யாருக்கும் வைத்த பட்டப்பெயர் இல்லை.

அக்காவுக்கும் தம்பிக்கும் என்ன சண்டை என்று கேட்பீர்கள். சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. காந்திமதியின் மகள் கலைப்பிரியாவுக்கு மஞ்சள் நீராட்டு விழா. விழுப்புரத்தில் ராயப்பன் பிளக்ஸ் கடையில் பேனர் அடித்தார்கள். நடுவில் பெண், சிம்மாசனத்தில். இரண்டு பக்கமும் காந்திமதியின் கணவர் நடராசனுடைய அண்ணன் தம்பிகள், ஆளுக்கு ஒரு முழ உயரத்தில், கறுப்புக் கண்ணாடி போட்டு, செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு. புகழேந்தியை மட்டும் கீழே, வலது கோடியில், 'மற்றும்' என்ற வார்த்தைக்குப் பிறகு, சாம்பார் கிண்ணத்தின் அளவுக்குப் போட்டிருந்தது. அந்த விழாவில் தாய்மாமன் என்றால் யார்? பச்சை ஓலையில் குடிசை கட்டுகிறவன். மேளம் வைத்துச் சீர் கொண்டு வருகிறவன். அவன் மேளத்தோடு வந்தான், மண்டப வாசலில் பேனரைப் பார்த்தான், மேளத்தை நிறுத்தச் சொன்னான். இரண்டு தடவை மேலிருந்து கீழே தேடித் தன்னைக் கண்டுபிடித்தான். இருபத்தொரு தட்டையும் வாசலில் இறக்கி வைத்துவிட்டு, பெண்டாட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு, ஒரு வாய் சாப்பிடாமல் போய்விட்டான்.

உண்மை என்னவென்றால், காந்திமதியிடம் தம்பியின் போட்டோ ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பாஸ்போர்ட் சைஸ், அதுவும் பழசு. "இத்தப் பெருசு பண்ணா மூஞ்சி கட்டம் கட்டமா ஒடைஞ்சிடும்மா" என்று ராயப்பன் சொன்னார். சரி சின்னதாகவே போடுங்கள் என்றாள் இவள். மறுநாள் ஒரு போன் போட்டு இதைச் சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். சொல்வாளா? மகள் விழாவில் கை நனைக்காமல் போனவனுக்கு நான் என்ன விளக்கம் சொல்வது என்று இருந்துவிட்டாள். அவனும் அவள்கூடப் பிறந்தவன்தானே, அந்தப் பக்கமும் அதே வீம்பு.

இனி வாத்து. போன வருஷம் தை அறுப்பு முடிந்ததும் வாத்து மேய்க்கிறவர்கள் வந்து ஆயிரம் வாத்தைக் கழனியில் விட்டார்கள். ஓட்டிக்கொண்டு போகும்போது ஒரு குஞ்சு வரப்பு மறைவில் தங்கிவிட்டது. கலைப்பிரியா அதைத் துப்பட்டாவில் சுற்றி எடுத்து வந்து, ஜில்லு என்று பெயர் வைத்து, மடியிலேயே வளர்த்தாள். ஆடியில் அவள் சென்னைக்குக் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனாள். போன அன்றைக்கு ஜில்லு கத்த ஆரம்பித்தது.

கோழி தனியாக இருக்கும். ஆடு இரண்டு நாள் கத்திவிட்டு அப்புறம் இருக்கும். வாத்து இருக்காது. அதன் கண்ணெதிரில் எப்போதும் ஒரு ஆள் வேண்டும். காந்திமதி மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, களை வெட்டப் போனால் பின்னாலேயே வந்தது. கக்கூஸுக்குப் போனால் கதவுக்கு வெளியே நின்று ஒப்பாரி வைத்தது. தெருவில் போகிறவர்கள் யார் வீட்டில் சாவு என்று எட்டிப் பார்த்தார்கள். சாயங்காலமானால் மகள் வீடியோ காலில் வந்து, "நீ அப்புறம் பேசும்மா, மொதல்ல ஜில்லுவக் காட்டு" என்பாள். பெற்றவளுக்கு அவ்வளவுதான் மரியாதை. மகள் தன் பொறுப்பில் விட்டுப் போன உயிர் என்பதால் காந்திமதி பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டாள். பிறகு ஒருநாள் ஜில்லு தீனியையும் விட்டுவிட்டது.

காணையில் கால்நடை மருத்துவர் ஜெசிந்தாவிடம் தூக்கிக்கொண்டு போனாள். அவர் வாயைத் திறந்து பார்த்தார், இறக்கையைத் தூக்கிப் பார்த்தார்.

"நோய் ஒண்ணும் இல்லம்மா. தொணை இல்லாத ஏக்கம். இன்னொரு வாத்து வாங்கி வுடுங்க."

வாங்கி விட்டார்கள். ஓட்டுக் கேட்டு வந்தவரைப் பார்ப்பதுபோல ஜில்லு அதைப் பார்த்தது. பிறகு வாலைக் கடித்து வீட்டைச் சுற்றி ஓட ஓட விரட்டியது. மூன்றாம் நாள் அந்த வாத்து ஏரிப் பக்கம் போனது, திரும்பவே இல்லை. மனிதர்களோடு வளர்ந்ததால் தன்னை வாத்து என்றே இது நினைக்கவில்லை போலிருக்கிறது, ஒரு கண்ணாடி வைத்துப் பாருங்கள் என்றார் டாக்டர். பீரோக் கண்ணாடிக்கு முன்னால் விட்டார்கள். ஜில்லு ஒரே கொத்து கொத்தியது. காந்திமதியின் கல்யாணச் சீர் பீரோ, அதில் மேலிருந்து கீழ்வரை விரிசல்.

"பிளக்ஸ் அடிச்சிடலாம்" என்றார் நடராசன். "அது ஒடையாது. மழைக்கும் தாங்கும்."

மனுஷன் எதற்கும் பிளக்ஸ்தான் சொல்வார். ஆனால் கலைப்பிரியா ஹாஸ்டலில் அழுதுகொண்டிருந்தாள், வேறு வழியும் தெரியவில்லை. ராயப்பனிடம் போய், நாலு வாத்துப் படம் போட்டு ஆறுக்கு நாலில் ஒன்று வேண்டும் என்றார்கள். என்ன விசேஷம் என்று ராயப்பன் கேட்கவில்லை. முப்பது வருஷமாகத் தொழிலில் இருக்கிறவர், இதைவிடப் பெரிய கூத்தெல்லாம் அடித்துக் கொடுத்திருக்கிறார்.

பேனர் வந்தது. நடுவில் நாலு வாத்து, அதில் ஒன்றுக்குக் கிரீடம். மேலே 'பாசத்திற்குரிய ஜில்லு' என்று பொன்னிற எழுத்து. கீழே வரிசையாக ஐந்து மனித முகங்கள்.

"இவங்க எதுக்குங்க?" என்றாள் காந்திமதி.

"கீழ காலியா வுட்டா அது பேனரா இருக்குமாம்மா? உங்க பேமிலி பைலு கம்ப்யூட்டர்ல இருந்துச்சி, அத்த எடுத்துப் போட்டேன்."

நடராசனின் அண்ணன் தம்பிகள் நாலு பேர். அப்புறம் 'மற்றும்'. வலது கோடியில் புகழேந்தி, அதே சாம்பார் கிண்ண அளவில். ஆறு வருஷம் கழித்துத் தம்பி முகத்தைப் பார்த்ததும் காந்திமதி அந்தக் கோடியை மட்டும் முந்தானையால் துடைத்தாள். அதை மறைக்க ராயப்பனை ஐந்து நிமிஷம் திட்டினாள்.

மாட்டுக் கொட்டகைச் சுவரில், அடிப்பக்கம் தரையைத் தொடும்படி கட்டினார்கள். ஜில்லு வந்தது. நாலு வாத்தையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கிரீடம் வைத்ததையும் பார்க்கவில்லை. கீழ் வரிசையை இந்தக் கோடியிலிருந்து ஆரம்பித்து, கூலிங்கிளாஸ் போட்டவர்களை ஒவ்வொருவராகத் தாண்டி, வலது கோடிக்குப் போய் நின்றது. புகழேந்தியைத் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தது, திருப்பி மறு கண்ணாலும் பார்த்தது. பிறகு அவன் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தது. கத்தல் நின்றது. ஏன் அவன் என்றால் அதை வாத்திடம்தான் கேட்க வேண்டும்.

தெருவே நிம்மதியாக மூச்சுவிட்டது. ஆனால் பேஜாரு வேறு பக்கமாக வந்தது. ஊறவைத்த அரிசியைத் தட்டில் வைத்தால், ஜில்லு ஒரு வாய் கவ்விக்கொண்டு போய்ப் புகழேந்தியின் படத்துக்கு முன்னால் வைக்கும். வைத்துவிட்டுக் காத்திருக்கும். அவன் சாப்பிட்டால்தான் அது சாப்பிடுமாம். அவன் சாப்பிடுவானா? சாயங்காலம் வரை அப்படியே உட்கார்ந்திருக்கும். அரிசியை எறும்பு இழுத்துக்கொண்டு போகும்.

"அவன் சாப்புட மாட்டான்டி" என்றாள் காந்திமதி, பக்கத்தில் குந்தியபடி. "அவன் பழக்கமே அது. நீ சாப்புடு."

வாத்து கேட்கவில்லை. நாலு நாளில் நெஞ்செலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. மறுபடியும் டாக்டரிடம் ஓடினாள். ஜெசிந்தாவுக்கு அன்றைக்கு எட்டு மாடு, இரண்டு நாய், ஒரு சினை ஆடு. எல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ அந்த ஆளையே கூட்டிக்கினு வந்து, பக்கத்துல ஒக்காந்து சாப்புடச் சொல்லுங்கம்மா" என்று சொல்லிச் சிரித்தார்.

காந்திமதி சிரிக்கவில்லை. டாக்டர் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். ஆறு வருஷமாகத் திண்டிவனம் போக ஒரு காரணம் கிடைக்காதா என்று தவித்தவள் அவள். வெளியே சொல்லவில்லை, சொல்லவும் மாட்டாள், ஆனால் விஷயம் அதுதான்.

"போன் பண்ணி இங்க வரச் சொல்லேன்" என்றார் நடராசன்.

"நான் எதுக்கு அவன்கிட்டப் பேசணும்? வைத்தியத்துக்கு ஜில்லு போவுது. அதுக்குத் தொணைக்கு நான் போறேன்."

ஒயர் கூடையில் ஜில்லுவை வைத்து, பேனரைச் சுருட்டிச் சாக்கில் கட்டிக்கொண்டு, விழுப்புரத்தில் திண்டிவனம் பஸ் ஏறினாள். விக்கிரவாண்டி வரைக்கும் ஜில்லு அமைதியாக வந்தது. டோல்கேட்டில் பஸ் நின்றதும் கூடைக்கு வெளியே தலையை நீட்டி நாலு பக்கமும் பார்த்தது. தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. எடுத்தது ஒரு கத்தல்.

"எம்மா, அதும் வாய மூடு. இல்லாட்டி எறங்கு" என்றார் கண்டக்டர்.

"அதும் வாய மூட ஒரு வழிதாங்க இருக்குது. யாராச்சும் ரெண்டு பேரு ஆளுக்கு ஒரு ஓரம் புடிங்க."

திருவக்கரைக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவரும், காதில் பாட்டு மாட்டியிருந்த ஒரு காலேஜ் பெண்ணும் எழுந்து பிடித்தார்கள். பேனர் டிரைவருக்குப் பின்னால் குறுக்கே விரிந்தது. ஜில்லு வலது கோடியைப் பார்த்தது, கப்சிப் ஆனது. அங்கிருந்து திண்டிவனம் வரை இறக்க முடியவில்லை. பஸ் முழுக்கப் பேனரைப் படித்துக்கொண்டு வந்தது.

"கோடியில இருக்கறது யாரும்மா? அதையே உத்துப் பாக்குது?" என்றார் பெரியவர்.

"என் தம்பிங்க."

"தவறிட்டாரா?"

"வாயக் கழுவுங்க. டயர் கடை வெச்சிக்கினு நல்லா இருக்கான்."

"அப்புறம் ஏம்மா கூடப்பொறந்தவன இத்தினியூண்டா போட்டுக்கிறீங்க?"

காந்திமதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முன்பின் தெரியாத ஆள், பஸ்ஸில் வந்தவர், அவருக்கே கண்ணில் படுகிறது.

புகழேந்தியின் கடை மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருந்தது. வாசலில் ஒரு லாரி, ஒரு சக்கரம் கழன்று ஜாக்கியில் நின்றது. டிரைவர் விருத்தாசலம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். புகழேந்தி கையெல்லாம் கிரீஸோடு நிமிர்ந்தான். முடி நரைத்திருந்தது. இது எப்போது நரைத்தது, எனக்குத் தெரியாமல் எப்படி நரைத்தது என்று கேட்கப் போனாள் காந்திமதி. வாயைத் திறந்தாள். வைராக்கியம் ஞாபகம் வந்து மூடிக்கொண்டாள்.

அவனும் பார்த்தான். அவனும் பேசவில்லை. பேசாத சொந்தக்காரர்கள் எதிரெதிரே நின்றுவிட்டால் நம் பக்கத்தில் என்ன செய்வார்கள்? நடுவில் அகப்பட்டவன் தலையில் ஏற்றுவார்கள்.

"டிரைவரண்ணா" என்றாள் காந்திமதி. "இந்த வாத்துக்கு ஒடம்பு சரியில்லன்னு கடைக்காரர்கிட்டச் சொல்லுங்க."

விருத்தாசலம் பின்னால் திரும்பிப் பார்த்தார். வேறு டிரைவர் யாரும் இல்லை.

"டிரைவரே, இது டயர் கடை. வாத்துக் கடை இல்லன்னு அவங்ககிட்டச் சொல்லுங்க" என்றான் புகழேந்தி.

"கடைக்காரர் பக்கத்துல ஒக்காந்து சாப்புட்டாத்தான் வாத்து சாப்புடும்னு டாக்டரு சொல்லிக்கிறாங்க. நம்பலன்னா இந்த ஓரத்தப் புடிங்க, காட்டுறேன்."

விருத்தாசலம் நல்ல மனுஷன். ஒரு ஓரத்தைப் பிடித்தார். மறு ஓரத்தை, அடிப்பக்கம் தரையைத் தொடும்படி, லாரிக் கதவுக் கைப்பிடியில் காந்திமதியே கட்டினாள். பேனர் விரிந்தது. புகழேந்தி பக்கத்தில் வந்து நின்று மேலிருந்து கீழே தேடினான். இந்தத் தடவை சீக்கிரம் கண்டுபிடித்தான், இடம் தெரியும் இல்லையா. அவன் முகம் சிவந்தது.

"ஆறு வருசத்துக்கு முந்தி உன் கொழுந்தனுங்களுக்குக் கீழ போட்ட. இப்போ வாத்துக்குக் கீழயாக்கா?"

அவன்தான் முதலில் பேசினான். அக்கா என்றுகூட வந்துவிட்டது. வைராக்கியம் ஜெயித்துவிட்டது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க அவள் ஆறு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தாள், ஒன்றும் வாயில் வரவில்லை. பாஸ்போர்ட் போட்டோவையும் ராயப்பன் சொன்னதையும் தடுமாறித் தடுமாறிச் சொன்னாள். பெரிசு பண்ணினால் முகம் உடைந்துவிடும் என்றார்கள், அதனால்தான்.

"ஒடைஞ்சா ஒடைஞ்சிட்டுப் போவுது" என்றான் அவன். "ஒரு போன் அடிச்சிருந்தா நானே நல்லதா ஒண்ணு எடுத்து அனுப்பி இருப்பேன் இல்ல?"

"நீ ஒரு வாய் சாப்புட்டு, அப்புறமா ஏன்க்கா இப்படின்னு கேட்டிருக்கலாம் இல்ல?"

இரண்டு பேரும் சரியாகத்தான் சொன்னார்கள்.

"மொதல்ல வாத்தப் பாருங்க" என்றார் விருத்தாசலம். "எனக்குக் கை நோவுது."

ஜில்லு அதற்குள் கூடையிலிருந்து இறங்கிப் படத்தின் கன்னத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. காந்திமதி அரிசித் தட்டை வைத்தாள். வழக்கம்போல ஒரு வாய் கவ்விப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தது. புகழேந்தி அதைப் பார்த்தான். தன் படத்துக்கு ஒரு உயிர் சோறு ஊட்டுவதைப் பார்த்தால் கல்லுக்கே ஒரு மாதிரியாகிவிடும். எதிர் டீக்கடையில் ஒரு பன் வாங்கி வந்தான். நடு ரோட்டில் வாத்துக்கு எதிரே குந்தித் தின்ன வெட்கமாக இருந்தது, பேனருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான்.

அவன் சாப்பிட்டால் சத்தம் கேட்கும். சின்ன வயதிலிருந்தே அப்படி. பேனருக்குப் பின்னாலிருந்து சப்புச் சப்பென்று சத்தம் வந்தது. ஜில்லு தலையைத் தூக்கியது. படத்தின் வாயைப் பார்த்தது. இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தது. பிறகு தட்டில் அலகை வைத்தது. நாலு நாள் பசி, தட்டை நகர்த்தி நகர்த்தித் தின்றது.

"தின்னுதுடா" என்றாள் காந்திமதி, கன்னத்தில் தண்ணீர் வழிய.

"நெசமாவா?" என்று கேட்டுக்கொண்டு புகழேந்தி முன்னால் வந்தான். அவனைக் கண்டதும் ஜில்லு அலறி, இறக்கையை அடித்துக்கொண்டு, அவன் படத்துக்கே ஓடி ஒண்டிக்கொண்டது. அவன் பின்னால் போனான், மென்றான், அது தின்றது. முன்னால் வந்தான், அலறியது. சிரித்துப் பார்த்தான், கையை நீட்டினான், "ஜில்லு, நான்தான்டி அது" என்று படத்தைக் காட்டிச் சொல்லிக்கூடப் பார்த்தான். கையில் ஒரு கொத்து விழுந்தது.

புகழேந்தி கையைத் துடைத்துக்கொண்டான். அவன் குரல் மாறிவிட்டது.

"சரிக்கா. அதுக்கு நான் தேவையில்ல, போட்டோ போதும். மெல்லுற சத்தத்த போன்ல புடிச்சித் தர்றேன். டெய்லி போட்டுக் காட்டு. போட்டோவ எடுத்துக்கினு ஜல்தியா கெளம்பு, பஸ் வந்துடும். ஆறு வருசமா உங்கிட்ட இருந்ததும் அதானே."

வைத்தியம் முடிந்தது. துணைக்கு வந்தவளுக்கு இனி அங்கே என்ன வேலை? கூடையை எடுக்கக் குனிந்தாள். எடுக்கவில்லை. அங்கேயே கிடந்த ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"வாத்துக்குப் போட்டோ போதும்டா" என்றாள். "எனக்குப் போதல."

சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மறைத்து அழவில்லை, பைபாஸில் போகிறவர்கள் எல்லாம் பார்க்கும்படி அழுதாள். புகழேந்தி கூடையைத் தள்ளி வைத்தான். அப்புறம் வந்து அதே டயரில், அவள் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தான்.

"அண்ணே" என்றார் விருத்தாசலம் மெதுவாக, பேனர் ஓரத்தை நெஞ்சு உயரத்தில் பிடித்தபடி. "நான் இத்த வுட்டுடலாமா?"

"வுட்டுடாதீங்க, வாத்து கத்தும்" என்றான் புகழேந்தி. "எங்கக்கா அழுதுக்கினு இருக்குது. அது முடியட்டும்."